தேன் கொண்டுபோனவனுக்குச் சாட்சி இல்லை

எங்கள் கரையில் ஆண்பிள்ளைக்கு ஏழு வயதானால் நாய்த்தோல் குல்லா, பெண்பிள்ளைக்கு ஏழு வயதானால் தக்களி. குல்லா குளிருக்காகத் தருவதல்ல. அரை மைல் தூரத்தில் வரும்போதே இவன் ஸ்பார்ட்டாவின் நிலத்து அடிமை, ஹெலட், என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காக. தக்களியும் விளையாட்டுக்கல்ல. எசமானின் ஆள் வந்து பிள்ளையின் விரல்களை நீட்டி மடக்கிப் பார்ப்பான். பிடித்திருந்தால் மலைக்கு அந்தப் பக்கம், ஸ்பார்ட்டாவில் எசமானியின் வீட்டுக்கு நூல் நூற்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். போன பிள்ளைகள் திரும்பி வந்ததாக ஊரில் ஒரு பேச்சும் கிடையாது.

லிகோனின் அக்காள் அப்படிப் போனவள்தான். அப்போது அவனுக்கு நாலு வயது. அவள் முகம் அவனுக்கு ஞாபகமில்லை. கோவேறு கழுதையின் முதுகில் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே அவளை உட்கார்த்தி வைத்தது மட்டும் ஞாபகமிருந்தது. மூட்டைகளில் இருந்தது பார்லி. விளைச்சலில் பாதி எசமானுக்கு. பெற்ற பிள்ளைகளில் எது வேண்டுமோ அதுவும் எசமானுக்கு.

லிகோன் வளர்ந்து கடற்பஞ்சு எடுப்பவன் ஆனான். ஸ்பார்ட்டாக்காரர்கள் தலைக்கவசத்துக்குள் மெத்தென்று வைத்துக்கொள்ளும் பஞ்சு கடலடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. அதை அறுக்க ஆள் முங்க வேண்டும். வாய் நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு லிகோன் முங்குவான். ஆழத்தில் எண்ணெயைக் கொஞ்சம் துப்பினால் தண்ணீர் தெளிந்து கண் தெரியும். மூச்சை அவன் அடக்கி வைத்திருக்கும் நேரத்தில் மேலே நிற்பவர்கள் அவனுக்காக அழத் தொடங்கலாம் என்று ஊரில் கேலி செய்வார்கள். இப்படி எடுத்த பஞ்சைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டுதான் எசமான்கள் எங்களை அடிக்க வருவார்கள். வருஷத்துக்கு இத்தனை கசையடி என்று கணக்கு. தப்பு செய்தவனுக்கும் உண்டு, செய்யாதவனுக்கும் உண்டு. மறந்துவிடக் கூடாதாம். யாருக்கு மறக்கும்?

அவனுக்குக் கல்யாணமாகி மெலித்தா முதல் பிள்ளையைச் சுமந்திருந்த வருஷம், சண்டை எங்கள் கரைக்கே வந்தது. ஏதென்ஸ்காரர்கள் கப்பலில் வந்து பைலோஸ் முனையில் ஆறே நாளில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். அவர்களோடு எங்கள் ஆட்களும் வந்தார்கள். பாட்டன் காலத்தில் ஸ்பார்ட்டாவை எதிர்த்துத் தோற்று நாடு கடத்தப்பட்ட மெஸ்ஸீனியர்களின் பேரப்பிள்ளைகள். ஸ்பார்ட்டாக்காரர்கள் அவர்களை விரட்ட வந்து, துறைமுகத்துக்குக் குறுக்கே கிடக்கும் நீளத் தீவில் நானூற்றுச் சொச்சம் வீரர்களை இறக்கினார்கள். அடுத்த நாளே அவர்களுடைய கப்பல்களை ஏதென்ஸ்காரர்கள் நொறுக்கிவிட்டார்கள். தீவில் இறங்கியவர்கள் இறங்கியவர்கள்தான். சாப்பாடு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, சுற்றிலும் எதிரியின் கப்பல்.

அப்போதுதான் எங்கள் ஞாபகம் வந்தது அவர்களுக்கு. ஒரு நாள் காலையில் கரையில் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, முரசுக்காரன் ஒருவன் கல்மேல் ஏறிக் கத்தினான்.

"நல்லாக் கேட்டுக்கோங்க! தீவுல இருக்கிற நம்மாளுங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சேக்கிறவன் சுதந்திரமானவனா இருந்தா வெள்ளி. அடிமையா இருந்தா விடுதலை. அவனுக்கும் விடுதலை, அவன் பொண்டாட்டி புள்ளைக்கும் விடுதலை. ஸ்பார்ட்டாவோட சொல்லு இது!"

லிகோன் வீட்டுக்கு ஓடினான். மெலித்தா அம்மியில் உப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் நிமிரவே இல்லை.

"அவங்க வாயில வந்தது என்னிக்கிய்யா நம்ம கையில வந்திருக்கு?"

"ஊரே கேட்டுச்சு. மறுக்க முடியாது."

"ஊருக்கு நாக்கு இருக்கா? நம்ம ஊருக்கு?"

அவள் தம்பி தாமிஸ் வாசலில் நின்றான். பத்தொன்பது வயது. லிகோனோடு பஞ்சு அறுக்கப் போகிறவன். "நானும் வர்றேன் மச்சான்," என்றான். மெலித்தா அப்போதுதான் நிமிர்ந்து இரண்டு பேரையும் முறைத்தாள்.

பக்கத்து வீட்டு ஃபிலோனுக்கு வேறு கோபம். "அந்தக் கோட்டையில நிக்கிறவன் யாருடா? நம்ம ரத்தம். அவன் எசமான்மாரப் பட்டினி போட்டு மடக்கி வச்சிருக்கான். நீ போயி அவனுங்க வாயில தேன ஊத்தப் போறியா?"

"எசமானுக்கு ஊத்தல. என் புள்ளைக்கு ஊத்துறேன்," என்றான் லிகோன். ஃபிலோன் தன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய மகளுக்கு அப்போது ஆறு வயது.

ஆட்டுத்தோல் பை ஒன்று. அதில் தேனில் பிசைந்த கசகசா. பசியை மட்டுப்படுத்தும், கொஞ்சம் மயக்கவும் செய்யும். இடித்த ஆளிவிதை இன்னொரு பக்கம். வாயை இறுகக் கட்டி, பையின் கழுத்திலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனி முங்குகிறவனின் இடுப்பில். பை தண்ணீருக்குள் ஒரு முழம் கீழே மிதந்து வர வேண்டும். ஆள் போவதோ அதற்கும் கீழே. எதிரியின் இரண்டு கப்பல்கள் பகல் முழுவதும் தீவை எதிரெதிராகச் சுற்றிக்கொண்டிருக்கும். கரைக்குப் பின்னால் மலைமேல் சூரியன் ஏறும் நேரத்தில் கடல் முழுக்கக் கண்ணாடியாக மின்னும். தீவுப் பக்கமிருந்து கிழக்கே பார்ப்பவனுக்குக் கண் கூசும். அந்த அரை நாழிகை லிகோனுடையது.

முதல் தடவை அவன் தீவுப் பாறையைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். பாறைக்கு மேலிருந்து ஒருவன் கீழே பார்த்தான். தாடி சடை பிடித்து, கண் உள்ளே போயிருந்தது.

"எத்தன பைடா?"

"ஒண்ணு, எசமான்."

"ஒண்ணுதானா?"

இதுதான் லிகோனுக்குக் கிடைத்த நன்றி. பையைப் பிடுங்கி அங்கேயே பிரித்து விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டான். லிகோன் பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கினான். நக்கிப் பார் என்றுகூட அவனிடம் சொல்லவில்லை. அப்படி எதிர்பார்க்க லிகோனுக்குத் தோன்றவும் இல்லை. அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கேட்டான்.

"எசமான், நான் வந்து சேந்தேன்னு கரையில காட்ட ஏதாச்சும் ஒரு அடையாளம் குடுங்க. ஒரு துண்டுத் துணியாச்சும்."

அந்த ஆள் குனிந்து, தேன் அப்பிய கையாலேயே அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"ஸ்பார்ட்டாக்காரன் சொல்லுக்கு மேல அடையாளமாடா உனக்கு? என் பேரு கிளியாந்தர். கேக்கிறவங்ககிட்ட இந்தப் பேரச் சொல்லு, போதும்."

கன்னத்தில் ஒட்டிய தேனைக் கடல் கழுவிவிட்டது. அந்தப் பேரை மட்டும் லிகோன் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டான்.

மூன்றாவது தடவை மூச்சு வாங்கத் தலையைத் தூக்கிய நேரத்தில் ஒரு கப்பலின் முனையிலிருந்து ஈட்டி பறந்து வந்தது. இடது தோளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவன் முங்கிவிட்டான். ரத்தம் மேலே வந்ததைப் பார்த்தவர்கள் செத்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது தடவை தாமிஸும் வந்தான். பாதி வழியில் அவன் கயிறு கடலடியில் ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. குனிந்து அவிழ்த்தான், அதற்குள் மூச்சு தீர்ந்தது. லிகோன் தீவைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது பையும் பையோடு தாமிஸும் பாறையை நோக்கி அலையில் மிதந்து வந்துகொண்டிருந்தார்கள். மேலிருந்தவர்கள் ஒரு கொக்கியால் பையை இழுத்தார்கள். கயிற்றின் மறுநுனியில் ஆள் கனத்தான். ஒருவன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். பை மேலே போயிற்று. தாமிஸ் அலையோடு போனான்.

இரண்டு பேர் கை கொடுத்தால் தூக்கியிருக்கலாம். ஒருவனும் கொடுக்கவில்லை. தேன் சிந்திவிடுமே என்ற கவலை மட்டும் இருந்தது அவர்களுக்கு.

லிகோன் அதற்குப் பிறகும் நாலு தடவை போனான். நிறுத்தினால் தாமிஸ் செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தான். ஒன்பதாவது தடவை எதிரி கண்ணில் படாமலிருக்க மிகவும் ஆழத்தில் போக வேண்டியிருந்தது. இடது காதுக்குள் ஏதோ வெடித்தது. கரை ஏறியபோது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அன்றிலிருந்து அந்தக் காதில் கடலின் இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

எழுபத்திரண்டாம் நாள் தீவு விழுந்தது. ஸ்பார்ட்டாக்காரன் சாவானே தவிரச் சரணடைய மாட்டான் என்று உலகம் முழுக்கச் சொல்லிவைத்தவர்கள் கேடயத்தைக் கீழே போட்டுக் கையைத் தூக்கினார்கள். உயிரோடு இருந்தவர்களை விலங்கு மாட்டி ஏதென்ஸுக்குக் கப்பலில் ஏற்றினார்கள்.

லிகோன் கரை முகாமில் இருந்த அதிகாரியிடம் போனான். குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது தடவை போனதைச் சொன்னான். தோளில் ஆறிக்கொண்டிருந்த வெட்டைக் காட்டினான்.

"பாறையில ஒராஞ்சிருக்கும்," என்றான் அதிகாரி. "சாட்சி யாரு?"

"தீவுல இருந்த கிளியாந்தர் எசமான்."

"அவரு எங்க இப்ப?"

"ஏதென்ஸ்ல, விலங்குல."

"அப்ப அவரு வரட்டும். வந்தா பாப்போம்."

மெலித்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தல்லோ என்று பேர் வைத்தார்கள். குழந்தையைக் கையில் வாங்கியவுடன் லிகோன் முதலில் பார்த்தது அதன் விரல்களை. நீளமான விரல்கள்.

எசமான்கள் கூண்டோடு ஒழிய வேண்டும் என்று ஊரே நேர்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஸ்பார்ட்டாக்காரன் சிறையில் சாகாமல் இருக்க வேண்டும் என்று நாலு வருஷம் கடல்தெய்வத்திடம் வேண்டிக்கொண்ட ஹெலட் லிகோன் ஒருவன்தான். ஃபிலோன் விடுவானா? வலையை உதறிக்கொண்டே கேட்பான்: "என்ன லிகோன், ஒம் மாமனாரு ஏதென்ஸ்ல சௌக்கியமா? தலைவலி கிலைவலி இல்லியே?"

"சௌக்கியமா இருக்கணும்ணே. இருந்தாத்தான் எம் பொண்ணு எனக்கு."

மாமனாரு சௌக்கியமாகவே இருந்தார். நாலாம் வருஷம் சமாதானம் ஆகிக் கைதிகள் திரும்பினார்கள். அந்த அறுவடை முடிந்ததும் பார்லி மூட்டைகளோடு மலை தாண்டிப் போகும் கழுதைக் கூட்டத்தில் லிகோன் கெஞ்சி இடம் பிடித்தான்.

கிளியாந்தர் தன் வீட்டுப் பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தவர்களோடு ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. லிகோனைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யாரென்று தெரியாமல் விழித்தார். பிறகு தெரிந்துவிட்டது.

"தேன்காரனா?"

"ஆமா எசமான்."

"ஒம்பது தடவ வந்தே. நான் எண்ணினேன். அந்தத் தீவுல எண்ணுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல." அவர் எழுந்தார். "வா, சொல்றேன்."

இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: அந்த மனிதர் அன்று வந்தார். தலை குனிந்து தெருவோடு நடந்து, விசாரிக்கும் அதிகாரியின் முன்னால் நின்று, உள்ளது உள்ளபடி சொன்னார். தாமிஸின் கயிற்றை அறுத்ததைக்கூடச் சொன்னார். லிகோன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினான். மகளின் விரல்கள் கண்முன் வந்தன.

அதிகாரி கேட்டு முடித்துவிட்டு, சிரித்த முகமாகவே கிளியாந்தரைப் பார்த்தார்.

"ஒரு ஆட்டுக்குட்டி வாங்க உன்னால முடியுமா இப்ப?"

கிளியாந்தர் தரையைப் பார்த்தார்.

"கேக்கிறேன்ல? சரணடைஞ்சு வந்தவங்களுக்கு வாங்க விக்க உரிமை உண்டா?"

"இல்ல."

"பதவி?"

"இல்ல."

"ஒரு ஆட்டுக்குட்டிய வாங்க முடியாத வாயி, ஒரு அடிமையோட விடுதலைய வாங்கிக் குடுக்கப் போகுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிளியாந்தரின் காது மடல்கள் சிவந்தன. வெளியே வந்ததும், "என்னால ஆனது இவ்வளவுதான்," என்று லிகோனிடம் சொல்லிவிட்டு நடந்தார். லிகோனுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. பாவிமகன், அவனுக்கு எதற்கு இரக்கம் வர வேண்டும்? ஆனால் வந்தது.

சொல்கிறேன் கேளுங்கள், இந்த அநியாயத்தை எந்தத் தராசில் நிறுப்பது? உயிர் கொடுக்கச் சொன்னவர்கள் அவர்கள். அடையாளம் கேட்டபோது அறைந்து, சொல்லே போதும் என்றவர்கள் அவர்கள். அந்தச் சொல்லைத் தாங்களே செல்லாக்காசாக்கிவிட்டு, எங்கே சாட்சி என்று கையை விரிப்பவர்களும் அவர்களே. நிலத்தை அபகரிப்பவனை எங்களுக்குப் புரியும். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அபகரித்துக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது?

இன்னும் இரண்டு வருஷம் போயிற்று. சரணடைந்தவர்களுக்கு உரிமையெல்லாம் திரும்பக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆள் பற்றாக்குறை, சண்டைக்கு ஆள் வேண்டுமே! அதே மாதத்தில் எசமானின் ஆள் வந்து, ஏழு வயதை நெருங்கிக்கொண்டிருந்த தல்லோவைக் கூப்பிட்டு, அவள் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தான்.

"நல்லா இருக்கு. வர்ற அறுவடைக்கு அப்புறம் கழுதையோட அனுப்பிடுங்க."

தல்லோ தன் விரல்களைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பெரிய மனுஷன் பாராட்டிவிட்டானாம், அவளுக்குச் சந்தோஷம். மெலித்தா வீட்டுக்குள் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டாள்.

லிகோன் திரும்பவும் மலை தாண்டினான். இந்தத் தடவை கிளியாந்தர் பின்கட்டில் இல்லை. சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில், சடை வாரி எண்ணெய் தடவி, சிவப்பு மேலாடை போட்டு, ஏழெட்டுப் பேருக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தார். விசாரிக்கும் அதிகாரியும் அங்கேயே இருந்தார். லிகோன் குல்லாவைக் கழற்றிவிட்டு தரையில் நெற்றி பட விழுந்து எழுந்தான்.

"எசமான், இப்ப உங்க சொல்லு செல்லும்னு கேள்விப்பட்டேன். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பொண்ண அறுவடைக்கு அப்புறம் கூட்டிட்டுப் போறாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளியாந்தரோடு நின்றவர்களில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டே கேட்டான். "என்ன அண்ணே, தீவுல இவன்தான் உங்களுக்கு ஊட்டி விட்டானா?"

கிளியாந்தர் லிகோனைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார். பிறகு அந்த இளைஞனிடம் திரும்பினார்.

"தீவுல நாங்க எழுபத்திரண்டு நாள் பட்டினி கெடந்தோம். யாரும் ஒண்ணும் கொண்டுவரல. இவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

லிகோனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இடது காதுப் பக்கம் சொல்லியிருந்தார். வலது காதைத் திருப்பிக்கொண்டு, "எசமான்?" என்றான்.

"இவன் யாருன்னு தெரியாதுன்னேன்."

சொல்லுக்கு மதிப்பில்லாதபோது உண்மையைச் சொன்ன வாய், மதிப்பு வந்த அன்றே பொய் சொல்லிற்று. வாய் கூசவில்லை. அடிமை கொண்டுவந்த தேனைத் தின்று உயிர் வளர்த்தோம் என்று சொன்னால் பக்கத்து இடம் மறுபடி காலியாகிவிடுமே! ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையின் வாழ்நாளை விற்றார் அந்த மானஸ்தர்.

பொய்யாக விடுதலை கேட்டதற்கு நாற்பது கசையடி. அதை அங்கேயே கொடுத்தார்கள். கிளியாந்தர் உள்ளே சாப்பிடப் போய்விட்டார்.

லிகோன் வீடு வந்து குப்புறப் படுத்தான். மெலித்தா உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து முதுகைத் துடைத்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. முதுகில் எழுதியிருந்தது.

"இப்பவாச்சும் வெளங்குச்சாய்யா?"

"வெளங்குச்சு," என்றான். தலையை அவள் பக்கம் திருப்பி, "அந்தத் தோல்பை எங்க?" என்று கேட்டான்.

அவள் கை நின்றது. பைலோஸ் கோட்டையில் அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள், சமாதானத்துக்குப் பிறகு அப்புறப்படுத்தியிருந்த எங்கள் ஆட்களை, மறுபடி கொண்டுவந்து வைத்திருந்தது ஊருக்கெல்லாம் தெரியும். அங்கே போகும் தரைவழியில் ஸ்பார்ட்டாவின் காவல் இருந்ததும் தெரியும். கடல்வழிக்குக் காவல் கரையில்தான். கடலுக்குள் யார் இறங்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

"எனக்கு நீந்தத் தெரியாது," என்றாள்.

"தேனுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

மெலித்தா அன்று சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

முதுகு ஆற இருபது நாள் ஆயிற்று. அதற்குள் மூன்று ஆட்டுத்தோல் பைகளைத் தைத்துக் காற்று புகாமல் மெழுகு பூசினார்கள். ஃபிலோன் கயிறு முறுக்கிக் கொடுத்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தன் மகளை அனுப்பிவிட்டு அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கயிற்றை நீட்டும்போது, "நல்லா முறுக்கியிருக்கேன். அறுத்தாத்தான் அறும்," என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

தேன் கொண்டுபோன நாட்களில் சூரியன் முதுகுப் பக்கம் இருந்தது. அப்போது கப்பல்காரனுக்குக் கண் கூச வேண்டியிருந்தது. இன்று கூச வேண்டியது கரையில் நிற்கும் காவல்காரனின் கண். அதனால் லிகோன் சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தான். சூரியன் தீவின் முதுகில் இறங்கும் நேரம், மேற்கே பார்க்கிறவனுக்குக் கடல் முழுக்கப் பொன்தகடு. பஞ்சு அறுக்கப் போகிறவன் குடும்பத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் போவதை யாரும் கவனிக்கவில்லை. ஊதிய பைகளை மெலித்தாவின் மார்பில் இரண்டு, தல்லோவின் மார்பில் ஒன்று என்று கட்டி, அம்மாவோடு பிள்ளையையும் சேர்த்துக் கட்டி, கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் முடிந்தான்.

"வாயத் தொறக்காத. தண்ணி உள்ள போனாலும் கத்தாத," என்று மகளிடம் சொன்னான்.

"தும்மல் வந்தா?"

"மீன் மாதிரி தும்மு."

மீன் எப்படித் தும்மும் என்று யோசித்துக்கொண்டே அவள் மிதந்தாள். லிகோன் முங்கி இழுத்தான். முதுகின் புதுத்தழும்புகள் உப்பில் எரிந்தன. கயிறு கனத்தது. ஒரு தடவை அது எதிலோ பட்டுத் தடுமாறியபோது, தாமிஸின் முகம் கண்ணுக்கு வந்து, அவன் பைத்தியம் பிடித்தவன்போலத் திரும்பி வந்து முடிச்சைத் தடவிப் பார்த்தான். வெறும் கடற்பாசி. பிய்த்தெடுத்துவிட்டு மறுபடி இழுத்தான்.

கோட்டைப் பாறையைத் தொட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மேலே ஒரு பந்தம் அசைந்தது.

"யாரது? நில்லு!" எங்கள் பேச்சு. அதே இழுப்பு.

"எறியாதீங்க! மூணு பேரு. ஒரு சின்னப்புள்ள இருக்கு!"

கயிறு ஒன்று விழுந்தது. அதைத் தொடர்ந்து நாலு கைகள் நீண்டன. முதலில் பிள்ளையைத் தூக்கினார்கள், பிறகு மெலித்தாவை, பிறகு அவனை. ஒருவனும் கத்தியை எடுக்கவில்லை. நரைத்த தாடியோடு ஒரு காவல்காரன் பந்தத்தை லிகோனின் முதுகுக்கருகே கொண்டுவந்து, நாக்கைச் சப்புக் கொட்டினான். பிறகு வெளிச்சம் இடது தோளுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது.

"இது கசை இல்லியே. என்ன வடு இது?"

"ஈட்டி."

"எங்க பட்டுச்சு?"

எதிரிக்குத் தேன் கொண்டுபோனவன் என்று இவர்களிடமே சொல்வதா? மெலித்தா அவனைப் பார்த்தாள். ஆறு வருஷமாக எத்தனையோ பேரிடம் சொல்லி யாரும் நம்பாத உண்மை. இன்னொரு தடவை சொல்வதில் என்ன போய்விடப் போகிறது?

"தீவு முற்றுகையில. உள்ள இருந்தவங்களுக்குத் தேன் கொண்டுபோனவன் நான்தான். விடுதலை தர்றேன்னாங்க. சாட்சி இல்லைன்னுட்டாங்க."

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிழவன் மட்டும் பந்தத்தை அவன் முகத்துக்கு உயர்த்தி உற்றுப் பார்த்தான். பிறகு பாறை அதிரச் சிரித்தான்.

"அட கழுத, நீயாடா அது! அந்தக் கப்பல் முனையில நின்னவன் நான். நீர்நாய்னானுங்க எல்லாரும். இல்லடா, மனுசன், இடுப்புல கயிறு பாத்தேன்னு நான் தொண்ட கிழியக் கத்துனேன். ஒருத்தனும் நம்பல. இன்னிக்கி வரைக்கும் இங்க என்னை நீர்நாய் மாமான்னுதான் கூப்பிடுறானுங்க!" அவன் திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். "பாத்துக்கோங்கடா! என் ஈட்டி பட்டும் முங்கிப் போனான். பையையும் விடல. நான் பாத்தேன்!"

லிகோன் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். மெலித்தா பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் மெல்ல வலது காதைக் கிழவன் பக்கம் திருப்பினான்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே," என்றான்.